எர்த்துக்கு இரண்டு வரி

அடுத்த மாதத்திலிருந்து இந்த எலெக்ட்ரிகல் பே, வண்டிகளின் வயரிங் பார்க்கும் இந்தப் பகுதி, உங்கள் மூவருடையது. முதலாளி என்னிடம் கேட்டது ஒரு கையேடு: பேட்டரி பார்ப்பது எப்படி, ஃப்யூஸ் மாற்றுவது எப்படி என்று வரிசையாகப் பத்துப் பக்கம். அதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். மூன்று பெண்களும் பாலிடெக்னிக் முடித்து வந்திருக்கிறீர்கள். அதெல்லாம் உங்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும். அந்தப் பத்துப் பக்கத்தில் வைக்க முடியாததை இதில் எழுதுகிறேன். முதலாளி படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு முப்பத்தொரு வயது. அறிவுரை சொல்லும் வயதில்லை. ஆனால் சங்ககிரி பைபாஸில் இருக்கும் இந்த ஒர்க்ஷாப்பில் ஏழு வருடம் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்திருக்கிறேன். இனி சூரமங்கலத்தில் சொந்தமாக ஒரு கடை போடுகிறேன். போவதற்கு முன் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த வண்டியில் நான் இரண்டு முறை தோற்றேன். அதனால் இந்த இடத்தை விட்டே போக வேண்டியிருந்தது. போகவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் வந்த ஒரு பழைய அம்பாசிடர் அது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்த வண்டி. குமாரபாளையத்தில் இருபது விசைத்தறி போட்டு நடத்தும் தெய்வானையக்காவுடையது. வண்டியை அவரே ஓட்டுவார், வேறு யாரையும் ஓட்ட விடமாட்டார். கீழே எல்லாம் துருப்பிடித்துவிட்டதென்று, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் மூன்று மாதம் விட்டுப் புதிதுபோல ஆக்கியிருந்தார். வெளியே கிரீம் நிறம். பானெட்டைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பெயின்ட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். எங்கள் ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

அக்கா சொன்ன குறை இது: "செல்ஃப் ஒரு நாள் எடுக்குதுங்க, ஒரு நாள் டொக்குனு சத்தம் போட்டு நின்னுக்குது. காலைல சோக் இழுத்தா அந்தக் குமிழ் வேற கையச் சுடுது."

எங்கள் ஃபோர்மேன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்தார். முப்பது வருடம் லாரி வயரிங் பார்த்தவர். "வெயில்ல நிறுத்துனா குமிழ் சுடாம குளுருமாங்கக்கா" என்றார். நானும் சிரித்தேன். ஜாப் கார்டில் எழுதினேன்: செல்ஃப் விட்டு விட்டு வேலை செய்கிறது. குமிழைப் பற்றி எழுதவில்லை.

இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். தவறு இங்கேயே நடந்து முடிந்துவிட்டது. மீதியெல்லாம் அதன் பின்விளைவு.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போதே எதையும் பட்டியல் போட்டுச் செய்யும் பழக்கம் எனக்கு. செல்ஃப் எடுக்காத வண்டிக்கான பட்டியல்: பேட்டரி, டெர்மினல், எர்த், சுவிட்ச், சோலினாய்டு, செல்ஃப் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அளவு, அளந்ததும் ஒரு டிக். இங்கே வேறு யாருக்கும் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை. எல்லாரும் ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, தொட்டுப் பார்த்து, எரிந்தால் சரி என்பார்கள். எனக்கு மீட்டர் அம்மணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மீட்டர் அம்மணிக்குக் கை வைக்கத் தெரியாது, நம்பர்தான் தெரியும் என்று டீக்கடை வரைக்கும் பேச்சு. அந்தப் பட்டியல் மேல் எனக்கு இருந்த பிடிவாதத்தில் பாதி அந்தப் பேச்சினால் வந்தது.

முதல் முறை பார்த்தபோது பேட்டரி நன்றாக இருந்தது. டெர்மினல் சுத்தம். எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை; அதற்கு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்தேன். பிசகில்லை, டிக். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டைக் கழற்றினால் உள்ளே காண்டாக்ட் எல்லாம் குழி விழுந்திருந்தது. மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடியும் பட்டியல். இம்முறை செல்ஃப் மோட்டாரைப் பிரித்தேன். பிரஷ் தேய்ந்து நூல்போல ஆகியிருந்தது. தண்டைத் தாங்கும் புஷ் ஆடியது. மாற்றினேன். வண்டி எழுந்தது. அக்கா எடுத்துக்கொண்டு போனார்.

பழைய வண்டியில் எங்கே தேடினாலும் ஒரு குறை கிடைக்கும். நாற்பது வருடம் ஓடிய வண்டியில் தேயாத பாகம் எது? ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதுதான் நாம் தேடியது என்று நினைத்துவிடுகிறோம். நான் மாற்றிய இரண்டுமே மாற்ற வேண்டியவைதான். இரண்டுமே அக்கா சொன்ன குறைக்குக் காரணம் இல்லை.

இரண்டாவது முறை அந்த வண்டி வந்த வாரத்தில்தான் முதலாளி ஆபீஸ் அறைக்குப் புதிதாக ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். பில்லிங் கம்ப்யூட்டர் முன்னால் போட்டார். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. யாருக்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை வண்டி தானாக ஓடி வரவில்லை. நூல் ஏற்றும் டெம்போவுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். காலை பத்து மணி. வாசலில் நான்கு லாரி டிரைவர்கள், எங்கள் ஆட்கள் எட்டுப் பேர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சாவியைத் திருப்பினேன். டொக். மறுபடி திருப்பினேன். டொக். ஹெட்லைட் மட்டும் பிரமாதமாக எரிந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. "கண்ணு, இது ரெண்டாவது ரிட்டன். பன்னெண்டு மணி வரைக்கும் பாரு. ஆகலீன்னா ஃபோர்மேன் வயரிங்க மொத்தமா அறுத்துட்டுப் புதுசு போட்டுருவாரு. நீ ஆபீசுல வந்து உக்காந்துக்க. ஏசி இருக்குது. மேல கறை படாது. உனக்கும் நல்லதுதானே."

அவர் நல்ல மனுஷர். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். எதிர்க்கக் கடினமாக இருந்தது அதுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து வர முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு முன் இங்கே பயிற்சிக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். ஒருவர் இப்போது ஒரு ஷோரூம் வரவேற்பில் இருக்கிறார், இன்னொருவர் இன்சூரன்ஸ் மேசையில். இருவரும் என்னைவிட நன்றாக வயரிங் டயக்ராம் படிப்பவர்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஒரு வண்டி திரும்பி வந்த நாளில் அன்பாக ஒரு நாற்காலியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

நான் பேவுக்கு வந்தபோது ஃபோர்மேன் கையில் கட்டருடன் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்திருந்தார். "எத்தனை கலரு பாரு இதுல, பூக்கட்டுற மாதிரி. எல்லாத்துக்கும் ஒரே செவப்பு வயரு இழுத்து உட்டுர்றேன். சாயங்காலம் ஓடும்" என்றார். லாரியில் அப்படித்தான் செய்வார்கள், கையில் எந்த உருளை இருக்கிறதோ அந்த நிறம். ஓடவும் செய்யும். ஆனால் அடுத்த முறை குறை வந்தால் எது ஹாரன், எது லைட் என்று அதைப் போட்டவருக்கே தெரியாது. இந்த வண்டியின் வயர்கள் துணி சுற்றியவை. நிறம் மங்கினாலும் எது எங்கே போகிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தவை. அறுத்துவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

"கட்டர வெளிய வெச்சிருங்கண்ணா. பன்னெண்டு மணி வரைக்கும் இது என்னோட வண்டி" என்றேன்.

"பன்னெண்டு மணிக்கு?"

"நானே எடுத்துக் கையில தாரேன்."

அவர் சிரித்துக்கொண்டே கட்டரை டயர் மேல் வைத்தார். தொலைவில் வைக்கவில்லை.

எனக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தது. கை தானாகப் பட்டியலை எடுத்தது. பேட்டரி என்ற முதல் வரியில் பேனாவை வைத்த பிறகுதான் உறைத்தது: இதை ஏற்கனவே இரண்டு முறை செய்துவிட்டேன். மூன்றாவது முறை வேகமாகச் செய்வேன், அவ்வளவுதான். அவசரம் வந்தால் நாம் எல்லாரும் தெரிந்ததையே இன்னும் வேகமாகச் செய்கிறோம். பேனாவை மூடிவிட்டு, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெய்வானையக்காவிடம் போனேன். மீட்டரைக்கூட எடுத்துப் போகவில்லை. பின்னால் யாரோ, மீட்டர் அம்மணி ஜோசியம் கேக்கப் போகுது என்றார்கள்.

"அக்கா, மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் குறுக்க பேசல" என்றேன்.

"மொத நாளே சொன்னனுங்களே."

"சொன்னீங்க. நான்தான் எழுதல."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபமாக இல்லை, எடை போடுவதுபோல. பிறகு சொன்னார்: "தறி மோட்டரு லோடு இழுக்குதான்னு நான் கை வெச்சுத்தான் பாப்பேன். இருவது மோட்டரு. வெயில் சூடு எது, கரண்டு சூடு எதுன்னு எனக்குத் தெரியாதா சாமி? காலைல அஞ்சரைக்கு, ஊட்டு ஷெட்டுக்குள்ள நிக்குற வண்டிக்கு வெயிலு எங்கிருந்து வந்துச்சு?"

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சோக் கேபிள் என்பது வெறும் இரும்புக் கம்பி. டேஷ்போர்டில் இருக்கும் குமிழிலிருந்து எஞ்சினின் கார்புரேட்டர் வரை போகிறது. குளிர்ந்த எஞ்சினை எடுக்கும்போது இழுப்பதற்கு மட்டும்தான் அது. அதில் கரண்ட் போகவே கூடாது. போகிறது என்றால், போக வேண்டிய வழி எங்கோ அடைத்திருக்கிறது. வழி அடைத்த கரண்ட், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் வேறு எந்த இரும்பு கிடைத்தாலும் அதில் ஏறும். எங்கள் ஒர்க்ஷாப்பில் யாரும் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. இங்கே வண்டி வரும் நேரத்து வெயிலில் சோக் யாருக்கு வேண்டும்?

என் பட்டியலில் எர்த் என்று ஒரு வரிதான் இருந்தது. நான் அளந்தது பேட்டரியிலிருந்து பாடிக்கு. பாடியிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். செம்புக் கம்பியில் பின்னிய ஒரு பட்டையான எர்த் கயிறுதான் இரண்டையும் சேர்க்கிறது. ஹெட்லைட்டுக்கு அது தேவையில்லை, அதனால்தான் ஜோராக எரிந்தது. செல்ஃப் மோட்டாருக்கு அது இல்லாமல் முடியாது. பாதிப் பாதையை அளந்துவிட்டு முழுப் பாதைக்கு டிக் போட்டிருந்தேன், இரண்டு முறை.

அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். "நான் போதும்ங்குற வரைக்கும் சாவியத் திருப்புங்க." மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தேன், இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஆறுக்கு மேல் போனது. பேட்டரியின் பாதி பலம் எங்கோ ஒரு இடத்தில் மாட்டி நின்றுகொண்டிருந்தது. சோக் கேபிளிலிருந்து பிளாஸ்டிக் வாடை வந்தது.

"இப்பச் சுடுது பாருங்க" என்றார் அக்கா உள்ளிருந்து, அமைதியாக.

எர்த் கயிற்றைத் தேடி அடியில் போனேன். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகும் வண்டிக்கு அடிப்பக்கம் ஒரு இடம் விடாமல் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மெனக்கெட்டு, பிரியமாக, இரண்டு மூன்று கோட். இந்த வண்டிக்கும் அந்தப் பிரியத்தைக் காட்டியிருந்தார்கள். எர்த் கயிற்றைக் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கு பிரைமர் அடித்து, அதன் மேல் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு கயிற்றைப் பழைய இடத்திலேயே ஒழுங்காக முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை ஏதோ ஒரு பக்கம் இரும்பைத் தொட்ட நாட்களில் வண்டி எடுத்தது. தொடாத நாட்களில் டொக்.

வண்டியிலேயே அழகான இடம் அது. இரண்டு முறையும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். புதிதாக இருந்ததால் சந்தேகப்படவில்லை. பழையதில் மட்டும் குறை தேடிக்கொண்டிருந்தேன்.

ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் கவ்வ வைத்தேன். அக்காவிடம் சாவியைத் திருப்பச் சொன்னேன். சாவி முழுக்கத் திரும்பும் முன்னரே வண்டி எழுந்துவிட்டது. நிறுத்தி மறுபடி, நிறுத்தி மறுபடி, ஐந்து முறை எடுக்கச் சொன்னேன். ஆறாவது முறை கேபிளைக் கழற்றினேன். டொக். வாசலில் இருந்த லாரிக்காரர்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

ஓடிவிட்டது என்பதோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சரிசெய்ததை எடுத்துவிட்டால் குறை திரும்பி வர வேண்டும். அப்போதுதான் அது காரணம். முதல் இரண்டு முறையும் நான் செய்யத் தவறியது அது.

இனி பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். ஃபோர்மேன் வண்டிக்கு அடியில் தலையை நீட்டி, "கண்ணாடி மாதிரி அடிச்சிருக்கான், அதப் போயிச் சொரண்டறயே" என்றார். வண்டி என்னுடையது இல்லையே, சுரண்டலாமா என்று அக்காவிடம் கேட்டேன். மூன்று மாதம் காத்திருந்து போட்ட பெயின்ட். அவர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "சொரண்டுங்க சாமி. அடியில இருக்குறத எவன் பாக்கப் போறான்" என்றார். நான் கத்தியை எடுத்தேன். அப்போது ஃபோர்மேன் ஒரு எமெரி பேப்பரை நீட்டினார். "கத்தி வேணாம். கோடு உழும்." வாங்கிக்கொண்டேன். இரும்பு வெள்ளி மாதிரித் தெரியும் வரை தேய்த்து, கயிற்றை முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மீட்டரில் கால் வோல்ட்கூட இல்லை. மணி பதினொன்றே முக்கால்.

டயர் மேல் இருந்த கட்டரை எடுத்து ஃபோர்மேன் கையில் கொடுத்தேன். சொன்னபடி.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வண்டி போன பிறகு முதலாளி வந்து தோளில் தட்டாத குறையாகப் பாராட்டினார். பிறகு, "இருந்தாலும் கண்ணு, மூணு தடவ ஆயிருச்சில்ல. நீ மத்தியானத்துக்கு மேலயாவது ஆபீசுல உக்காந்துக்க. பாதி நாள் இங்க, பாதி நாள் அங்க" என்றார்.

ஜெயித்த பிறகும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு வண்டியைச் சரிசெய்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

என்னிடம் ரிட்டன் புத்தகம் இருந்தது. திரும்பி வந்த வண்டிகளை எழுதி வைப்பது என் வேலை. காரணம் என்ற கட்டத்தில் எல்லாரும் 'பழைய வண்டி' என்று எழுதுவார்கள். அந்த அம்பாசிடருக்கு நேராக நான் எழுதியதை அவரிடம் காட்டினேன்: எர்த்தைப் பாதி மட்டும் அளந்தேன், கஸ்டமர் சொன்னதை எழுதவில்லை. கீழே என் பெயர்.

"ரெண்டு ரிட்டனும் என் தப்புதான் சார். எழுதிட்டேன். ஆனா நான் ஆபீசுக்கு வர்ல."

"தப்புன்னு நீயே சொல்ற."

"ஆமாங்க சார். இதுக்கு முந்தின பக்கத்தையும் பாருங்க. போன மாசம் ஃபோர்மேன் அண்ணன் வண்டி நாலு திரும்பி வந்திருக்குது. தப்பு செஞ்சா ஆபீசுன்னா, எல்லாருக்கும் ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்க. நானும் வந்து உக்காந்துக்கறேன்."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். ஃபோர்மேன்தான் முதலில் சிரித்தார். "எனக்குக் கை வெச்ச நாற்காலியா வாங்குங்க சார்" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் எர்த்துக்கு இரண்டு வரி இருக்கிறது: பேட்டரி – பாடி, பாடி – எஞ்சின். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன், அதற்கு அளவும் கிடையாது, டிக் கட்டமும் கிடையாது. கஸ்டமர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதவும். உங்களுக்கு அது அபத்தமாகத் தெரிந்தால் கட்டாயம் எழுதவும். என் பேச்சை இவர்கள் எப்படிச் சிரித்துத் தள்ளினார்களோ, அப்படித்தான் தெய்வானையக்கா சொன்னதை நானும் சிரித்துத் தள்ளியிருந்தேன். அதை மறக்காமல் இருப்பதற்காக அந்த வரி.

அந்தச் சுழல் நாற்காலியை அடுத்த நாளே பேவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல உயரம், சக்கரம் இருக்கிறது, எந்த வண்டிப் பக்கத்துக்கும் உருட்டிக்கொண்டு போகலாம். நான்கு வருடமாக அதன் மேல் பேட்டரி சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. உறை இன்னும் பிரிக்கவில்லை, ஆசிட் பட்டால் துடைக்க வசதி. ஏதோ ஒரு வண்டி திரும்பி வந்த நாளில் யாராவது அன்பாக வந்து உங்களை உட்காரச் சொன்னால், அதைக் காட்டுங்கள். இடம் காலியில்லை என்று சொல்லுங்கள்.